பங்கின் வரலாறு

முள்ளிவாய்க்கால்
09.03.2025, ஞாயிறு

அன்புள்ள தர்மிளா மச்சாளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் குறை நினைக்க வேண்டாம். பகலில் எழுதலாம் என்றுதான் மூன்று தரம் போனை எடுத்தேன். ஒருதரம் டிலுசா அழுதாள், ஒருதரம் மாமி சீலையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டா, மற்றத்தரம் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. இப்போது எல்லாரும் படுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை உங்கள் மேடம் போனைக் கையில் தரும்போது ஆறுதலாக வாசியுங்கள். நேரில் கதைக்கலாம்தான். ஆனால் போனில் உங்கள் குரல் கேட்டால் மாமி அன்று முழுக்க அழுகிறா. அதோடு, போன வெள்ளிக்கிழமை மாதிரி நீங்கள் நடுவில் போனை வைத்துவிடுவீர்களோ என்று எனக்கும் பயம்.

அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. கேட்டது பிழை என்றும் நான் நினைக்கவில்லை. குவைத்தில் அந்த வயதானவவுக்குச் சாப்பாடு தீத்தி, குளிக்க வார்த்து, தூக்கி இருத்தி, உங்கள் முதுகு போய்விட்டது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதே நேரம் உங்கள் தம்பி யூட்சன் பக்கத்தில் நின்று, "அம்மாவைப் பற்றி நீ யோசியாதை அக்கா, இவள் வீட்டில சும்மாதானே இருக்கிறாள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சாள், நீங்கள் செய்தால் வேலை, நான் செய்தால் சும்மாவோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

மாமிக்கு மறதி நன்றாகக் கூடிவிட்டது. என் பெயர் வருவதில்லை. நான் பரந்தனில் நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவள் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. அதனால் "வயல்காரி" என்று கூப்பிடுகிறா. அது பரவாயில்லை. விபூதிப் புதனுக்குப் பிறகு ஒரே கதைதான்: "பங்குக்குப் போகவேணும், நேரமாச்சு, என்னை விடு." யூட்சன், "தவக்காலமெல்லோ, அம்மாவுக்குக் கோயில் நினைப்பு வந்திட்டுது" என்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சைவத்தில் பிறந்து, கலியாணத்துக்கு முன்னர்தான் ஞானோபதேசம் படித்தவள் நான். பங்குக் கோயில், பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று அப்போது பாடமாக்கினது இன்னும் மறக்கவில்லை. இரண்டு தரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாங்குப் பலகையில் இருந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இல்லை பிள்ளை" என்றா.

கோயில் என்றதும் இன்னொன்று. திருநாளுக்கு ஃபாதர் ஒரு மலர் வெளியிடுகிறார். கம்பஸில் வரலாறு படித்தவள் என்று "பங்கின் வரலாறு" கட்டுரையை என்னை எழுதச் சொல்லிவிட்டார். கடற்றொழிலாளர் சங்கத்து லோறன்ஸ் அண்ணையிடம் போய் அந்தக் காலத்துத் தொழிலைப் பற்றிக் கேட்டேன். வலையும் படகும் வைத்திருந்த சம்மாட்டிமார் எல்லாருடைய பெயரும் சொன்னார். "பொம்பிளையள் என்ன செய்தவை அண்ணை?" என்றேன். "என்ன செய்தவை? வீட்டில இருந்தவை" என்றார். பிடிக்கிற மீனில் போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இஞ்சினுக்கு ஒரு பங்கு, மிச்சம் தொழிலாளருக்கு என்று விளக்கினார். "இஞ்சின் சாப்பிடுமோ அண்ணை?" என்று கேட்டேன். "இஞ்சின் வேலை செய்யுதெல்லோ!" என்று கோபித்துக்கொண்டார்.

மச்சாள், விசயத்துக்கு வருகிறேன். டிலுசா தவழத் தொடங்கிவிட்டாள். நான் ஒருத்தி. அவளைத் தூக்கும்போது மாமி கதவடியில் நிற்கிறா, மாமியைத் திருப்பிக் கொண்டுவரும்போது இவள் அடுப்படியில் நிற்கிறாள். கடல் எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும். நான் சொன்னால் உங்கள் தம்பி காதில் ஏறாது. நீங்கள் சொல்லுங்கள்.

யதுர்ஷிகா

*

குவைத்
14.03.2025, வெள்ளி

யது,

உன்ர கடிதம் வாசிச்சன். கம்பஸ் படிச்சனி, அதுதான் நீளமா எழுதுறாய். எனக்கு மேடம் குளிச்சு வாற வரைக்கும்தான் நேரம்.

சும்மா எண்டு சொன்னது தம்பி. கொழுவினது நீ என்னோட. அதை முதல் யோசி. இஞ்ச நான் செய்யிறது வேலை எண்டு ஊருக்கு ஏன் தெரியும்? பிளேன் ஏறி வந்ததால. நான் அங்கயே இருந்து அம்மாவுக்கு இதைச் செய்திருந்தால் எனக்கும் உன்ர பேர்தான். அதே கை, அதே முதுகு. எனக்கு இது தெரியாதெண்டு நினைச்சோ என்னைக் கேட்டனீ? அதுதான் கோவம் வந்தது.

ஆள் வைக்கிறதைப் பற்றித் தம்பியோட கதைச்சன். "மருமகள் வீட்டில இருக்க வெளியாளை வைச்சால் சனம் என்ன சொல்லும்" எண்டான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்பிடித்தான் படுது. குறை நினையாதை.

அம்மாவைக் கட்டி வையாதை. அவா செபமாலை சொல்லாமல் படுத்தறியாத மனிசி. கோயிலுக்குப் போகவேணும் எண்டால் கூட்டிக்கொண்டு போ. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குக் கொண்டுபோய் இருத்து. அங்க சனம் நிக்கும், அவையள் பாத்துக்கொள்ளுவினம். அந்த நேரம் நீயும் கொஞ்சம் சரிஞ்சு படு. உன்ர குரல் சரியில்லை எண்டு அண்டைக்கே கவனிச்சனான்.

டிலுசாவுக்கு முத்தம்.

தர்மிளா

*

முள்ளிவாய்க்கால்
23.03.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெள்ளிக்கிழமை மாமியைச் சிலுவைப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுத் தேனுகாவுக்கு அருகில் இருத்திவிட்டு, டிலுசாவை நித்திரையாக்க வீட்டுக்கு வந்தேன். உண்மையில் நானும் படுத்துவிட்டேன். எழும்பும்போது வாசலில் நிஷாந்தன் நிற்கிறான், கரைவலை இழுக்கிற இடத்தில் நிற்கிற பெடியன். ஒரு கையில் மாமி, மற்றக் கையில் கோயில் கிணற்றடியில் கிடக்கிற நீலப் பேசின். பேசினுக்குள் மீன்.

சிலுவைப்பாதையில் நான்காம் நிலையோ ஐந்தாம் நிலையோ, எல்லாரும் முழங்காலில் நின்ற நேரம் மாமி எழும்பிப் போயிருக்கிறா. நேரே கரைக்குத்தான். வலை வந்த இடத்தில் பேசினை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறா. நிஷாந்தன் விளையாட்டுக்கு ஒரு பிடி மீனை அள்ளிப் போட்டானாம். மாமி பேசினைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எங்க?" என்று கேட்டாவாம். இன்னொரு பிடி போட்டானாம். "பிள்ளை இடுப்பில இல்லை எண்டு ஏமாத்தப் பாக்கிறியோ எண்டு என்னை அதட்டினவா அக்கா. சம்மாட்டி எண்டு வேற கூப்பிட்டவா, அது நல்லா இருந்தது" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

நான் சிரிக்கவில்லை, மச்சாள். அன்றிலிருந்து மாமி டிலுசாவைப் பார்க்கிற பார்வை வேறு. முன்பெல்லாம் அவள் யாரென்றே தெரியாது. இப்போது கிட்ட வந்து, கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்க்கிறா. மீனை நிறை பார்ப்பது போல. நேற்று என்னுடைய பழைய சீலை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தா. எதற்கு மாமி என்று கேட்டால், இடுப்பில் சுற்றிக் காட்டுகிறா.

உங்கள் தம்பிக்குச் சந்தோசம். "பாத்தியே, அம்மா பேத்தியோட சேர்ந்திட்டா. இனி உனக்கு வேலை குறைவு" என்கிறார்.

எனக்கு அப்படிப் படவில்லை. பிள்ளைக்கு எங்கே என்று ஏன் கேட்டா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

யது

*

குவைத்
28.03.2025, வெள்ளி

யது,

தெரியும். முதல் இதைக் கேள். கதவுக்குப் பூட்டுப் போடு. போன முறை கட்டாதை எண்டு சொன்னவள் நான்தான், இப்ப பூட்டு எண்டு சொல்லுறதும் நான்தான்.

அம்மா சொல்லுற பங்கு கோயில் இல்லையடி. கரைவலைப் பங்கு. எனக்கே உன்ர கடிதம் வாசிக்கும்வரை விளங்கேல்ல. மீன் பங்கு வைக்கிற இடத்துக்குப் போகவேணும் எண்டுதான் மனிசி கத்துது. நாங்கள் கொண்டுபோய் கோயில் வாங்கில இருத்தினம்.

அப்ப மெசின் இல்லை. கயிறு இழுக்கிறது ஆக்கள்தான். ஆம்பிளையளுக்குப் பங்கு. கயித்தின்ர வால்பக்கம் இழுக்கிற, மீன் தெரிஞ்செடுக்கிற, வலையில குப்பை எடுக்கிற பொம்பிளையளுக்குப் பங்கு இல்லை, "கறிக்கு" எண்டு ஒரு பிடி. கைக்குழந்தையோட வந்தால் பிள்ளைக்கு எண்டு இன்னொரு பிடி. அம்மா என்னைக் கொண்டு போனவா, நான் வளந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டு வாங்கி இடுப்பில வைச்சுக்கொண்டு போனவா! சம்மாட்டிக்கு அது அடுத்த வீட்டுப் பிள்ளை எண்டு தெரியும். சிரிச்சுப்போட்டுப் போடுவார்.

ஒருநாள் அம்மா எல்லாருக்கும் முன்னால கேட்டவா, "இழுத்தது நானும்தானே, அவையளுக்குப் பங்கு, எனக்கு ஏன் பிடி?" எண்டு. முழுக் கரையும் சிரிச்சுது. எங்கட அப்பாவும் சேர்ந்து சிரிச்சவர். அதுக்குப் பிறகு அம்மா அதைப் பற்றி வாயே திறக்கேல்ல. எனக்குக் கலியாணம் நடந்து, அது முறிஞ்சு, நான் இஞ்ச வந்து, இவ்வளவு காலம். இப்ப பூட்டுக் கழண்டு போச்சுது.

நீ எழுதுற வரலாற்றில இதைப் போடலாம். பிறகு போடு. இப்ப பிள்ளையை அம்மாவின்ர கையில குடாதை. ஏன் எண்டு கேளாதை. மேடம் கூப்பிடுறா.

தர்மிளா

*

முள்ளிவாய்க்கால்
02.04.2025, புதன்

மச்சாள்,

டிலுசா சுகமாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பங்கு என்ற சொல்லை நானே ஒரே கடிதத்தில் இரண்டு அர்த்தத்திலும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மேலே கோயில், கீழே மீன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

பூட்டு வாங்கினோம். பூட்டிய முதல் இரவே மாமி கதவில் நெற்றியை மோதி மோதி இரத்தம் வந்துவிட்டது. "பெத்த தாயைப் பூட்டி வைக்கச் சொல்லுறியோ" என்று உங்கள் தம்பி பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். அதன்பிறகு கதவுக்குக் குறுக்கே கதிரையை வைத்துவிட்டுப் படுப்பேன். கதிரை இழுபட்டால் சத்தம் கேட்கும் என்று.

இன்று விடியப்புறம் யூட்சன் கடலில். மாமியின் படுக்கை நனைந்திருந்தது. மாமிக்கு உடுப்பு மாற்றிவிட்டு, துணியை அலச நான் கிணற்றடிக்குப் போனேன். போகும்போது டிலுசா சீலையால் கட்டின ஏணையில் நித்திரை. வாளித் தண்ணீரின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தால் கதிரை சுவரோரம் ஒழுங்காக வைத்திருக்கிறது. விருந்தாளி எழும்பிப் போன மாதிரி. ஏணை ஆடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். கரையில் வலை வந்துகொண்டிருந்தது. இப்போது உழவு இயந்திரம்தான் இழுக்கிறது, உங்களுக்குத் தெரியும். கயிற்றின் வால்பக்கத்தில், எல்லாருக்கும் பின்னால், மாமி. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, பின்னுக்குச் சரிந்து, பல்லைக் கடித்து இழுக்கிறா. யாரோ ஒருவன் "மரியமலர் அக்கா, மெசின் இழுக்குது, நீங்கள் விடுங்கோ, கயிறு கையை அறுத்துப்போடும்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். இடுப்பில் சுற்றியிருந்த என் சீலைத் துண்டு அவிழ்ந்து மணலில் கிடந்தது. அதன் மற்ற நுனியில், தண்ணீர் வந்து வந்து போகிற ஈர மணலில், டிலுசா இருந்தாள். ஒரு அலை அவளுடைய மடி வரைக்கும் ஏறித் திரும்பியது. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

அங்கே அத்தனை பேர். ஒருவரும் அவளைக் காணவில்லை. எல்லாருடைய முகமும் கடல் பக்கம்.

நான் பிள்ளையை அள்ளினேன். மாமி என்னைப் பார்த்து, "விடாதை பிள்ளை, ரெண்டு கையாலையும் பிடி" என்றா. நான் பிடிக்கவில்லை. அப்போதுதான் அவா கீழே பார்த்தா. வெறும் மணலைப் பார்த்தா. "டினோஜன் எங்க?" என்று கேட்டா. பிறகு கத்தத் தொடங்கினா. மச்சாள், அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. டிலுசாவை முகத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டியும் நிறுத்தவில்லை.

டினோஜன் யார்? யூட்சனைக் கேட்டேன். "எனக்கு முந்திப் பிறந்து காய்ச்சலில போன அண்ணன்" என்கிறார். காய்ச்சலில் போன பிள்ளையை ஏன் கடற்கரையில் தேடுகிறா?

யது

*

குவைத்
04.04.2025, வெள்ளி

யது,

அவசரமா எழுதுறன். பிழை இருந்தால் பாத்து வாசி.

காய்ச்சல் எண்டது தம்பிக்குச் சொன்ன கதை. அவன் பிறக்க முந்தி நடந்தது. வீட்டில அதைப் பிறகு ஒருத்தரும் கதைச்சதில்லை. நான் கண்டனான். மீன் பொறுக்கக் கரையில நிண்ட சின்னப் பிள்ளை நான்.

டினோஜனுக்கு அப்ப டிலுசாவின்ர வயசுதான். அண்டைக்குக் கடுமையான இழுவை. இடுப்பில பிள்ளையோட ஒரு கையால இழுக்க ஏலாது. ஆரோ பேசினவன், "சும்மா கயித்தைத் தொட்டுக்கொண்டு நிண்டுட்டு ரெண்டு பிடி கேக்க வருவாள்" எண்டு. அம்மா அவனை மணலில இருத்திப்போட்டு ரெண்டு கையாலையும் பிடிச்சவா. வலையின்ர மடி கரைக்கு ஏறுற நேரம் எல்லாற்ற கண்ணும் வலையில. என்ர கண்ணும்தான். திரும்பிப் பாக்கேக்க அலை அவனைக் கொண்டு போயிட்டுது.

அண்டைக்குப் பின்னேரம் சம்மாட்டி ஒரு கூடை மீன் குடுத்துவிட்டவர். முழுப் பங்கு. ஆம்பிளைக்குக் குடுக்கிற அளவு. அம்மாவுக்கு வாழ்நாளில வந்த ஒரே பங்கு அதுதான். படலையடியில அப்பிடியே கிடந்து நாறிச்சுது. ஆரும் தொடேல்ல.

இப்ப அவா அந்தப் பங்கைக் கேட்டுப் போறாவோ, திருப்பிக் குடுக்கப் போறாவோ, பிள்ளையைத் தேடிப் போறாவோ, எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பவும் போவா. அது தெரியும். தம்பிக்கு இதைச் சொல்லாதை. அவன் அம்மாவை வேற மாதிரிப் பாப்பான்.

இன்னொண்டு. மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கிறா. வாற வெள்ளிக்கிழமை முடிவு சொல்லவேணும். நான் அங்க வந்தால் அம்மாவைப் பாக்கலாம். வந்தால் நானும் சும்மா இருக்கிற ஆள்தான், யது. தம்பியின்ர சோறு, கறிக்கு ஒரு பிடி. இவ்வளவு காலம் கிழவியளைத் தூக்கின முதுகு இது. நாளைக்கு எனக்கு ஏலாமல் வந்தால் என்னை ஆர் தூக்கிறது? நீயோ?

யோசிச்சு எழுது. என்னை வா எண்டு மட்டும் எழுதாதை.

தர்மிளா

*

முள்ளிவாய்க்கால்
06.04.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சாளுக்கு,

மறுபடியும் சாமத்தில்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். வா என்று எழுதவில்லை.

இன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் தம்பியிடம் கேட்டேன். "இஞ்சினுக்குப் பங்கு வைக்கிறீர்கள்தானே. அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு பங்கு வையுங்கோ. ஒவ்வொரு நாளும் முதலே எடுத்து வையுங்கோ. அதில மாமிக்கு ஒரு ஆள் பிடிக்கலாம். மச்சாள் வந்தால் அது மச்சாளுக்கு." அவர் தட்டில் கை வைத்தபடியே சிரித்தார். "வீடு கடலுக்குப் போகுதோ?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, மச்சாள். டிலுசா கரையில் இருந்ததை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாகப் படவில்லை. நீங்கள் எழுதின கரையில் நானும் ஒருக்கால் நின்ற மாதிரி இருந்தது.

நாளை விடிய அவர் நாயாற்றுக் கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யப் போகிறார். பெரிய வெள்ளிக்குத்தான் வருவார். அதுவரைக்கும் நான், மாமி, டிலுசா.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பரந்தனுக்குப் போய்விடலாம் என்று இன்று முழுக்க நினைத்தேன். அங்கே என் அம்மா நோயாளி அப்பாவுக்கு எல்லாம் செய்துகொண்டு இருக்கிறா, அவாவும் ஊருக்குச் சும்மா இருக்கிறவதான். எங்களுக்கு ஒரு மூலை தருவா. ஆனால் மாமியைக் கூட்டிக்கொண்டு போனால் பஸ்ஸில் இருந்து இறங்கிவிடுவா. விட்டுவிட்டுப் போனால் அடுத்தநாளே கயிற்றைப் பிடிக்கப் போய்விடுவா. கயிறு இப்போது ஆட்கள் இழுக்கிற கயிறு இல்லை. நிறுத்து என்றால் நிற்காது.

ஃபாதருக்கு இன்னும் கட்டுரை கொடுக்கவில்லை. ஒரு வரிதான் எழுதியிருக்கிறேன்: "இந்தப் பங்கில் பெண்களுக்குப் பங்கு இருக்கவில்லை." அடுத்த வரியில் டினோஜனை எழுதாமல் மேலே போக முடியவில்லை. எழுதினால் யூட்சன் அதை அச்சில் வாசித்துத்தான் அறிய வேண்டும்.

அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் மாமியை வேறு மாதிரிப் பார்ப்பார் என்று பயப்படுகிறீர்கள். பார்க்கட்டும். இப்போது அவர் பார்க்கவே இல்லையே. நான் சொன்னால், வேலை செய்யப் பஞ்சியில் கதை கட்டுகிறாள் என்பார். நீங்கள் கண்ணால் கண்டவர்.

உங்கள் முதுகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓம், நான் தூக்குவேன். ஆனால் சும்மா தூக்கமாட்டேன். நீங்களும் இங்கே சும்மா இருக்க வரக்கூடாது. பங்கு என்று அவர் வாயால் சொல்லட்டும், பிறகு வாருங்கள். சொல்லாவிட்டால் மேடத்துக்குக் கையெழுத்தைப் போடுங்கள். நான் கோபிக்கமாட்டேன்.

அவர் வெளியே திண்ணையில் நித்திரை, நாங்கள் மூன்று பேரும் ஒரே பாயில் கிடக்கிறோம். ஏணைக்குள் டிலுசாவை விடப் பயம். அவளுடைய சட்டையை என் சீலைத் தலைப்போடு முடிந்திருக்கிறேன். மாமியின் கையை என் இடக்கையால் பிடித்திருக்கிறேன். மற்றக் கையால்தான் இதை எழுதுகிறேன். பகலில் இரண்டு தரம் நின்றபடியே கண் சொருகிவிட்டது. எனக்குப் பயம் மாமியில் இல்லை, அந்த நித்திரையில்தான்.

மாமி விழித்திருக்கிறா. சற்று முன்னர் என் காதுக்குள் சொன்னா: "வயல்காரி, கடல் சத்தம் போடேல்லப் பார். வலை வளைச்சிட்டாங்கள். பிள்ளையை எழுப்பு."

வெள்ளிக்கிழமை போன் கையில் வந்ததும் முதலில் தம்பிக்கு எடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். ஒரு வரி என்றாலும் போதும், கெதியாகப் பதில் போடுங்கள் மச்சாள்.

யது